விலை பேசுதலும் விரத ஒழுக்கமும்

இல்லறத்தார் நாள்தோறும் செய்யும் செயல்களுள், இஃது அறமா அன்றா என்று ஒருகாலும் எண்ணிப் பாராமலே செய்துவிடுவன சில உண்டு. பேரம் பேசுதல் அவற்றுள் ஒன்று. புலால் உண்ணாமையில் நாம் காட்டும் விழிப்பு பெரிது. இருட்டிய பின் உண்ணாமையிலும், நீரை வடிகட்டிப் பருகுவதிலும் நம் முன்னோர் காட்டிய கண்டிப்பு இன்னும் பல இல்லங்களில் மாறவில்லை. ஆனால் கடைவீதியில் ஒரு பொருளைக் கையில் எடுத்து, “என்ன விலை?” என்று கேட்ட நொடி முதல், அதைப் பையில் இட்டுக்கொண்டு திரும்பும் நொடி வரை, நம் நாவும் நெஞ்சமும் செய்கின்றவற்றை நாம் கணக்கில் வைப்பதில்லை. அக்கணக்கைச் சிறிது பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரைக்காலில் வாழும் நமக்கு இதனை எண்ண வாய்ப்புகள் மிகுதி. அரசலாறு கடலில் கலக்குமிடத்தில், ஒருபுறம் வங்கக் கடலும் ஏனைப் புறங்களில் தமிழ்நாடும் சூழ அமைந்த சிறு நிலப்பகுதி இது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சிக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்குப் பல. ஆதலின் பாரிஸ் என்பது இவ்வூரில் பலருக்கு உறவினர் வாழும் ஊர். கடல் கடந்து போவதும் வருவதும், போன இடத்தில் வாங்கிய பொருளைக் கூடத்தில் விரித்துக் காட்டுவதும் இவ்வூருக்குப் புதியன அல்ல.

நம் சிராவகக் குடும்பங்களிலும் அப்பழக்கம் வளர்ந்து வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் பணிபுரிகின்றனர். பெற்றோர் இருவரும் சேர்ந்து சென்று பார்த்து வருகின்றனர். திரும்பும் வழியில் ஓரிரு நாடுகளைச் சுற்றி வருகின்றனர். சம்மேத சிகர யாத்திரை செல்வோர் காசியில் இறங்குகின்றனர். அங்கிருந்து பிரயாகை செல்லும் வழியில் இருப்பது, கம்பள நெசவுக்கு உலகப் புகழ் பெற்ற பதோகி. எங்குச் சென்றாலும் கண்ணில் படுவதும், கையால் செய்ததென்று சொல்லப்படுவதும், விலை எழுதப்படாததும் ஆகிய ஒரு பொருள் கம்பளம். எனவே அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இஸ்தான்புல் நகரத்துப் பெருஞ்சந்தை 15ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அங்கே ஒரு கம்பளக் கடைக்குள் நம்மவர் தம்பதியர் நுழைகின்றனர் என்று கொள்வோம். கடைக்காரர் இருக்கை தந்து, சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர் தருகிறார். ஏவலாளர் இருவர் கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கின்றனர். ஒன்றில் அம்மையாரின் கண் நிலைக்கிறது. உடனே கணவர் தமிழில், “ஆசையை முகத்துல காட்டாதே” என்கிறார். விலை சொல்லப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கணவர் கேட்கிறார். மனைவியோ முன்பே பேசி வைத்தபடி எழுந்து, “வாங்க, வேற கடையில பார்ப்போம்” என்கிறார். வாயில் வரை நடை, பின்னால் அழைப்பு, மீண்டும் இருக்கை. ஒரு மணி நேரம் கழித்துப் பாதி விலைக்குக் கம்பளம் கைமாறுகிறது. இதில் யார் யாருக்கு என்ன தீங்கு செய்தனர்?

“ஒரு தீங்கும் இல்லை, இது இருவரும் அறிந்து ஆடும் ஆட்டம்” என்பது பலர் கூறும் விடை. இவ்விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. கடைக்காரர் கூடுதலாகச் சொல்வது நமக்குத் தெரியும். நாம் குறைத்துக் கேட்பது அவருக்குத் தெரியும். மேடையில் அரசனாக நடிப்பவனைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை. “இருநூறு தருகிறேன்” என்பது உலகைப் பற்றிய கூற்றன்று, ஒரு வேண்டுகோள். வேண்டுகோளுக்குக் கொள்ளுதலும் தள்ளுதலும் உண்டேயன்றி மெய்யும் பொய்யும் இல்லை. ஆதலின் விலையைக் குறைத்துக் கேட்பது ஒன்றினாலேயே வாய்மை விரதம் குலைந்துவிடும் என்று நாம் கூறவில்லை.

ஆயினும் பேரத்தில் வேண்டுகோள் மட்டுமா பேசப்படுகிறது? “எதிர்க்கடையில் இதையே பாதிக்குத் தருகிறார்கள்” என்கிறோம். எதிர்க்கடைக்குள் நாம் நுழைந்ததே இல்லை. “கையில் இருப்பது இவ்வளவுதான்” என்கிறோம், பணப்பை கனக்கிறது. “போன ஆண்டு என் தம்பி இந்த விலைக்கு வாங்கினான்” என்கிறோம்; தம்பி அந்நாட்டுப் பக்கமே சென்றதில்லை. இவை வேண்டுகோள் அல்ல, உலகைப் பற்றிய கூற்றுகள். கேட்பவர் அவற்றை மெய்யென்று கொண்டால்தான் நமக்குப் பயன். அவர் உண்மையை அறிந்தால் தம் முடிவை மாற்றிக்கொள்வார். இவ்விரண்டும் பொருந்தும் சொல், ஆட்டத்தில் பேசினாலும் பொய்யே ஆகும். எனவே கோடு இங்கே விழுகிறது: விலையைக் கேட்கலாம்; அதற்குக் காரணமாக இல்லாததைச் சொல்லலாகாது.

இக்கோட்டை இன்னும் இறுக்கமாக வரைந்தவரும் உலகில் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர், தாம் பெறக் கருதும் விலைக்கு மேல் ஒன்றைச் சொல்வதே பொய் என்று கொண்டனர். எனவே அவர்தம் கடைகளில் ஒரே விலை கூறினர். தொடக்கத்தில் வாணிகம் குறைந்தது. பின்னர், குழந்தையை அனுப்பினாலும் ஏமாறாமல் பொருள் வாங்கி வரலாம் என்ற நம்பிக்கை பரவ, வாணிகம் பெருகியது. நம் கரையிலும் இவ்வொழுக்கம் அறியப்படாததன்று. இங்கிருந்து வடக்கே கடலோரமாகச் சென்றால் வரும் பூம்புகாரின் வணிகரைப் பட்டினப்பாலை பாடும்போது, பிறர் பொருளையும் தம் பொருளையும் ஒப்ப எண்ணியவர் என்றும், வாங்கும்போது கூடுதலாகவும் விற்கும்போது குறைவாகவும் அளக்காதவர் என்றும் போற்றுகிறது.

பாரிஸில் 1852 முதல் பூசிக்கோ என்பார் வளர்த்த ‘பான் மார்ஷே’ என்னும் பெருங்கடை, பொருள்தோறும் விலைச்சீட்டு ஒட்டி விற்கும் முறையைப் பரப்பியது. இன்று நாம் அறிந்த பெரிய கடைகள் யாவும் அவ்வழி வந்தவையே. ஆனால் விலை நிலையானது என்பதனால் நியாயமானது என்று ஆகிவிடாது. விலையை நிறுத்தி வைக்கும் வலிமை உள்ளவர் நிறுத்துகிறார். வலிமை இல்லாதவரிடம் நாம் பேசுகிறோம். குளிரூட்டிய துணிக்கடையில் பட்டுச் சேலையின் சீட்டில் எழுதிய தொகையை வாய் திறவாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து பூக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுகிறோம். மாங்கனித் திருவிழா நாட்களில் நம் ஊர் வீதிகளில் நடைபாதைக் கடை விரிப்பவரிடமும், திருநள்ளாற்றுக்குக் கூட்டம் வரும் சனிக்கிழமைகளில் கூடை வைத்து அமர்ந்திருப்பவரிடமும் நாம் காட்டும் பேச்சுத் திறமையை, கண்ணாடிக் கதவுக்குள் நாம் காட்டுவதில்லை. இது சிக்கனம் என்றால் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். எளியவரிடம் மட்டும் தோன்றும் சிக்கனத்துக்கு வேறு பெயர் உண்டு.

இனி, கள்ளாமை விரதத்தை நோக்குவோம். களவுக்கு ஆகமம் தரும் பெயர் அதத்தாதானம். கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்பது பொருள். ‘எடுக்கப்பட்டதை’ என்னாமல் ‘கொடுக்கப்படாததை’ என்றது சிந்திக்கத்தக்கது. காலையில் முதல் போணி ஆகட்டும் என்று மகிழ்ந்து குறைத்துக் கொடுப்பது கொடுத்தல். அந்தி சாய்ந்து, வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டிய நிலையில், “சரி, எடுத்துக்கொண்டு போங்கள்” என்று பாயைச் சுருட்டித் தருவதும் அதே கொடுத்தல்தானா? கை கொடுக்கிறது, வாய் இசைகிறது, மனம் கொடுக்கவில்லை. சட்டத்தின் முன் அது விற்பனை. விரதத்தின் முன் அது ஐயத்துக்கு இடமானது. விற்பவரின் வறுமையை அறிந்து, அதையே நெம்புகோலாக்கிப் பெற்ற விலைக்குறைவு நமக்குக் கொடுக்கப்பட்டது என்று துணிந்து கூற இயலுமா?

கொல்லாமை விரதம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி அவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கடைசி இரண்டையும் நாம் வண்டி மாட்டுக்கு உரியவை என்று எண்ணி அமைதி கொள்கிறோம். ஒரு கம்பளத்தின் கணக்கைப் பார்த்தால் அவ்வமைதி நிலைக்காது.

6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு முடிச்சுக் கம்பளத்தை எடுத்துக்கொள்க. பரப்பு 24 சதுர அடி; அதாவது 3,456 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வைத்தால், மொத்தம் 3,45,600 முடிச்சுகள். ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சு இடுவார் என்று கொண்டாலும், ஏறத்தாழ 58 நாள் உழைப்பு. நுண்ணிய காசுமீரக் கம்பளங்களில் முடிச்சுகள் இதனினும் பன்மடங்கு. அங்கே ‘தாலிம்’ என்னும் குறியீட்டுத் தாளை ஒருவர் படிக்க, மற்றவர் வண்ணம் தேர்ந்து முடியிடுவர். கம்பளத்தின் விலையில் நூல் அல்லது கம்பளிக்கு ஒரு பங்கு, சாயத்துக்கு ஒரு பங்கு, கடை வாடகைக்கு ஒரு பங்கு, தரகுக்கு ஒரு பங்கு, நெய்தவர் கூலிக்கு ஒரு பங்கு. நாம் விலையைக் குறைக்கும்போது எந்தப் பங்கு குறையும்? நூல் விலையை ஆலை குறைக்காது. வாடகையைக் கட்டடக்காரர் குறைக்கார். தரகர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வார். இரசீது இல்லாத செலவு கூலி ஒன்றே. ஆதலின் குறைவு முழுவதும் அதன் தலையில் இறங்குகிறது. 58 நாள் பாரத்தைச் சுமந்தவர் தட்டிலிருந்து சோறு குறைகிறது. அன்னபான நிரோதம் என்பது இதற்கு வெகு தொலைவில் இல்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பவானி ஆறு காவிரியில் கலக்கும் பவானி நகரின் ஜமக்காளம், கைத்தறியில் பருத்தி நூல் கொண்டு நெய்யப்படுவது. அகன்ற வண்ணப் பட்டைகளால் எவரும் கண்டறியத்தக்கது. நம் இல்லத் திருமணங்களில் பந்தியிலும் சபையிலும் விரித்தவை இவையே. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தது. 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. அவ்வாறிருந்தும், விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன என்பது நெசவாளரின் நெடுநாளைய குறை. அம்மலிவைக் காட்டி நாம் கைத்தறி விரிப்பின் விலையைக் குறைக்கக் கேட்கும்போது, இயந்திரத்தோடு மனிதக் கையைப் போட்டியிடச் செய்கிறோம். பவானியைத் தொட்டு வரும் அக்காவிரி நீரின் ஒரு கிளைதான் அரசலாறாகி நம் ஊரில் கடலைச் சேர்கிறது என்பதை நினைவில் கொள்வது நன்று.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். “பயணிகள் வாங்கும் கடையில் விற்பவர் நெசவாளர் அல்லரே, நெய்தவர் கூலி எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. அழைத்துச் சென்ற வழிகாட்டிக்கும் விலையில் பங்கு போகிறது. அயலார் என்று கண்டு மும்மடங்கு கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுத்தால் இடைத்தரகரன்றோ கொழுப்பார்?” என்பது அத்தடை. இதில் உண்மை பெரும்பாலும் உண்டு. கேட்ட விலையை அப்படியே கொடுப்பது அறம் என்று நாம் கூறவும் இல்லை. அறியாமையால் மிகைப்பணம் கொடுப்பது தானமும் ஆகாது, நீதியும் ஆகாது. ஆனால் தடை ஒரு பாதியையே காண்கிறது. விற்றுப்போன கம்பளத்தின் கூலி கொடுக்கப்பட்டுவிட்டது மெய்யே. இன்று கிடைத்த விலையைக் கொண்டே நாளை தறிக்குத் தரும் கூலி தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே இதிலிருந்து பெறத்தக்கது, “தாராளமாகப் பேரம் பேசு” என்பதன்று; “நெய்தவருக்கு அருகில் சென்று வாங்கு” என்பதே. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுகளும், 1973 முதல் இயங்கும் பூம்புகார் கைவினை நிலையமும் இவ்விடைவெளியைக் குறைக்கவே தோன்றின.

அருகில் செல்லாதவர்க்கு இன்னொரு இடர் உண்டு. கம்பள நெசவில் சிறுவரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்தது. ஆயினும் அப்பழக்கம் தொடர்ந்தமையால், 1994இல் கைலாஷ் சத்யார்த்தி முதலியோர் முயற்சியால் ‘ரக்மார்க்’ என்னும் முத்திரை ஏற்பட்டது. 2009 முதல் அது ‘குட்வீவ்’ என்று வழங்குகிறது. குழந்தைகளின் உழைப்பில் உருவானதன்று என்பதற்கு அம்முத்திரை அடையாளம். திருடிக் கொணர்ந்ததை வாங்குதல் கள்ளாமையின் அதிசாரங்களுள் ஒன்று. ஒரு குழந்தையின் பள்ளிப் பருவத்தைத் திருடி நெய்த விரிப்பு அவ்வகையில் சேராது என்று எவ்வாறு கூறுவது? மிக மலிவான விலை கிடைத்தபோது மகிழ்வதற்கு முன், ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்பது சிராவகர் கடமை. பட்டுக் கம்பளமாயின், கூட்டுப் புழுக்களைக் கொதிநீரில் இட்டு எடுத்த நூல் அது என்பதையும் நமக்கு ஒருவர் நினைவூட்ட வேண்டுவதில்லை. அங்கே பேரத்துக்கே இடமில்லை.

பேரத்தின் தீமை விற்பவரோடு முடிவதில்லை. குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களும் ஒரு மணி நேரத்தில் ஒருங்கே எழும் இடம் அதைப்போல் வேறொன்று அரிது. மிகைவிலை கேட்டதும் சினம், ஆசையை மறைத்து முகத்தை மாற்றுவதில் மாயை, பொருளின்மீது உலோபம், வென்று வந்தபின் செருக்கு. தம்பதியர் சேர்ந்து செய்யும்போது இதில் ஒரு தனிக் கேடு உண்டு. ஒருவர் தவறும்போது மற்றவர் தடுப்பதற்காகவே இல்லறத்தில் இருவர். இருவரும் ஒரே மாயையில் பங்காளிகள் ஆகிவிட்டால் தடுப்பவர் யார்? உடன் நிற்கும் பிள்ளைகளோ, பெற்றோரின் சொல் இடத்துக்கு ஏற்ப மாறும் என்பதைக் கற்றுக்கொள்கின்றனர்.

இன்னும் ஒன்று. பேரம் முடிந்தபின் சில கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “சுங்கத்துக்குக் காட்டக் குறைந்த தொகைக்கு ஒரு சீட்டு எழுதித் தரட்டுமா?” என்று கேட்பதுண்டு. பலர் அதையும் பேரத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி வாங்கிக்கொள்கின்றனர். பொய்ச்சீட்டு எழுதுதல் கூடலேககிரியை என்னும் வாய்மையின் அதிசாரம். அரச வரம்பைக் கடத்தல் விருத்தராஜ்யாதிக்கிரமம் என்னும் கள்ளாமையின் அதிசாரம். ஒரே தாளில் இரண்டு விரதங்கள் கிழிகின்றன. எல்லைக்கோடுகளுக்கு நடுவில் வாழ்ந்து, பழைய பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கடத்தல் கதைகளைப் பெரியோர் சொல்லக் கேட்ட நமக்கு இது புரியாததன்று.

அங்ஙனமாயின் எவ்வாறு வாங்குவது? நம் நூல்களே வழி காட்டுகின்றன. பொருள் வரைதல் விரதத்தின்படி, தேவை என்ன, செலவிடும் எல்லை என்ன என்பதைப் புறப்படும் முன்பே கணவரும் மனைவியும் இசைந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். தேவையில்லையாயின் கம்பளங்களை விரிக்கச் சொல்லி ஏவலாளரை வருத்தலாகாது. பொருளைச் சோதிப்பதில் தயக்கம் வேண்டா; போலியை மெய்யென விற்றல் விற்பவரின் அதிசாரமாதலின், வாங்குபவர் விழித்திருப்பது தவறன்று. பின்புறம் திருப்பினால் முடிச்சுகள் தெரிகின்றனவா, ஓரக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியா அல்லது தைத்து ஒட்டியதா என்று பார்த்தாலே கைவேலை பெரும்பாலும் விளங்கிவிடும். எந்த ஊரில், எத்தனை நாளில் நெய்தது என்று கேட்க வேண்டும். பிறகு நம்மால் கொடுக்க இயலும் நேர்மையான தொகையை ஒருமுறை கூறலாம். “இதற்கு மேல் நாங்கள் எண்ணவில்லை” என்பது உண்மையாயின் அதைச் சொல்வதில் குற்றமில்லை. இசைந்தால் பெறலாம், இசையாவிடில் தேநீருக்கு நன்றி கூறி எழலாம். எழுவது நாடகமாக இருத்தல் கூடாது. நெய்தவரே நேரில் விற்கும்போதோ, பெரிய கடையில் நாம் மூடிக்கொள்ளும் வாயை அங்கும் மூடிக்கொள்வதே தகும்.

வருவாய் குறைந்த இல்லத்தார் காய்கறிக்கும் பாய்க்கும் விலை பேசுவதை இக்கூற்றுகள் பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. வாங்குபவரும் விற்பவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்று பேசும் பேரம் இருவர் தேவைக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேடுவது. நம் கேள்வியெல்லாம், வானூர்தியில் சென்று வரும் வசதி பெற்ற நாம், அவ்வூர்திக் கட்டணத்தின் சிறு பங்குக்காக ஒருவரின் கூலியில் கை வைப்பதைப் பற்றியதே.

முன்னாளில் திக்விரதம் என்று ஒன்று கொண்டனர். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என்பது அது. அவ்வெல்லைக்கு அப்பால் நம்மால் எவ்வுயிர்க்கும் தீங்கு நேராது என்பது அதன் பயன். இன்று நாம் அவ்வெல்லையை வெகுவாக விரித்துவிட்டோம். கால் சென்ற தொலைவுக்கெல்லாம் விரதமும் உடன் செல்ல வேண்டும் என்பதே அதற்கு ஈடு. வெளியூரிலிருந்து ஒரு பொருள் வந்து இறங்கினால், “எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?” என்பதே நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி. அதற்கு முன்பாக, “யார் நெய்தது?” என்று கேட்கும் பழக்கம் நம் குடும்பங்களில் வருமாயின், அடுத்த முறை கடையில் நம் நாவு தானே அளவறிந்து பேசும்.